கர்ப்பிணிக்கு போன் எதுக்கெல்லாம் உதவும்? நர்ஸக்கா பதில்கள்

உசிலம்பட்டி வட்டாரத்துல கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

பேரையூர் பக்கமிருந்து ஒரு தம்பி: அக்கா, பிக்மி பதிவுல, அதான் கர்ப்பிணிகளை அரசு கணக்குல பதியற இணையதளத்துல, என் நம்பரைத்தான் கொடுத்திருக்கோம். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்க்கிறேன். போதுமா?

போதாது தம்பி. மெஷின் சத்தத்துல நர்ஸ் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்காது. ராத்திரி பார்த்து வீட்டுக்குச் சொல்றதுக்குள்ள, ரத்தம் குறைவுன்னு இரும்புச்சத்து ஊசிக்கு வரச்சொன்ன நாளே போயிருக்கும். கர்ப்பிணி கையில எந்த போன் இருக்கோ, அந்த நம்பர்தான் முதல்ல. பட்டன் போனே போதும். அதுவும் இல்லைன்னா கூடவே இருக்கிற மாமியார், மதினி நம்பர். உங்களோடது ரெண்டாவதா இருக்கட்டும். ஆஃபருக்காக அடிக்கடி சிம் மாத்துறவங்க புது நம்பரை ஊர் நர்ஸ்கிட்ட சொல்லிருங்க. வசதியில்லாத வீட்டுக்கு போன் செய்யிற பெரிய உதவியே, ஒரு ஆள் இன்னொரு ஆளைப் பிடிக்க முடியறதுதான்.

மேலூரிலிருந்து: வளைகாப்பு முடிஞ்சு கொட்டாம்பட்டிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்க்கா. அங்க புதுசா பதியணுமா?

வேண்டாம் தாயி. பிக்மியில பதிஞ்சப்போ கொடுத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண் ஒண்ணுதான் இந்தக் கர்ப்பத்துக்கு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்து 18,000 ரூபாய்க்கும், பிள்ளை பிறப்புச் சான்றிதழுக்கும் அதையே கேப்பாங்க. ஆனா ஊர் மாறும்போதுதான் பல கர்ப்பிணிங்க ரெண்டு நர்ஸ் கணக்குலயும் விட்டுப்போறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த ஊர் நர்ஸ் நம்பரை வாங்கி இங்கிருந்தே பேசிருங்க.

இன்னொண்ணு. தாய் சேய் அட்டையைப் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ரத்த குரூப், ஹீமோகுளோபின், பிரஷர் எழுதின பக்கங்களைப் பகல் வெளிச்சத்துல எடுங்க. ட்யூப்லைட் அடியில எடுத்தா பளபளன்னு அடிச்சு எழுத்தே தெரியாது. நடுராத்திரி பெரியாஸ்பத்திரிக்கு ஓடும்போது அட்டை பீரோவுலயே கிடக்கும், போன் மட்டும் கையில இருக்கும்.

திருமங்கலத்திலிருந்து ஒரு கணவர்: வயித்துல போனை வச்சா பிள்ளை இதயத்துடிப்பு கேக்கும்னு ஒரு ஆப் இருக்கே, நம்பலாமா?

நம்பாதீங்க. அம்மாவோட துடிப்பையோ குடல் சத்தத்தையோ கேட்டுட்டு நிம்மதியா உக்காந்திருப்பீங்க. அசைவு குறைஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஆப்பைத் திறக்கக் கூடாது.

அலங்காநல்லூரிலிருந்து: எட்டாம் மாசம். தலைவலி, கண்ணு மங்கலா இருக்கு. நர்ஸுக்கு வாட்ஸ்அப் போட்டிருக்கேன், இன்னும் பார்க்கலை.

இதைப் படிச்சதும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்மா. ரத்த அழுத்தம் 140/90க்கு மேல போயிருக்கலாம், விட்டா வலிப்புல கொண்டுபோய் விடும். நீலக்குறி வர்ற வரைக்கும் காத்திருக்கிற விஷயமில்லை. ரத்தப்போக்கு, பனிக்குடம் உடையறது, கடும் காய்ச்சலுக்கும் இதே பதில்தான்.

நர்சிங் படிக்கும் தங்கை: மத்த நாடுகள்ல போன் வச்சு என்ன செஞ்சிருக்காங்க?

தென்னாப்பிரிக்காவுல 2014ல மாம்கனெக்ட் வந்துச்சு. பதிஞ்ச கர்ப்பிணிக்கு இலவசமா குறுஞ்செய்தி வரும், அவங்களும் திருப்பிக் கேள்வி கேக்கலாம், புகாரும் சொல்லலாம். நம்ம நாட்டுல 2016ல தொடங்கின கில்காரி குரல்வழி. நாலாம் மாசத்துலேர்ந்து பிள்ளைக்கு ஒரு வயசு ஆகிற வரை வாரம் ஒரு அழைப்பு, மொத்தம் 72. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களுக்கு அதுதான் சரி.

எனக்குப் பிடிச்சது ஆப்பிரிக்காவுல தான்சானியா நாட்டுத் தீவான சான்சிபார்ல நடந்த ஆய்வு. செய்தி அனுப்பினதோட நிக்காம, நர்ஸைக் கூப்பிட போன் காசும் கொடுத்தாங்க. பயிற்சி பெற்றவங்க கையில பிரசவமான பெண்கள் இந்தப் பக்கம் 60 சதவீதம், கொடுக்காத பக்கம் 47. ஆனா பலன் டவுன் பெண்களுக்குத்தான், கிராமத்துல பெருசா எடுபடலை. 'வா'ன்னு செய்தி வந்தாலும் வண்டியும் ரோடும் வேணுமே!

வாடிப்பட்டி: மகப்பேறு பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்கன்னு போன் வந்துச்சு.

ஓடிபி சொல்லாம போனைக் கட் பண்ணிருங்க. நர்ஸ் நேர்ல உக்காந்து பதியறப்போ வர்ற ஓடிபி வேற, இது வேற.

சேடப்பட்டி, ஒரு அப்பத்தா: 108க்கு நான் கூப்பிட்டா வருவாங்களா ஆத்தா?

வருவாங்க அப்பத்தா, காசும் கிடையாது. ஊர்ப் பேரோட, தண்ணி டேங்க், கோயில்னு பக்கத்து அடையாளமும் சொல்லுங்க. வழி கேட்டு அதே போனுக்குத்தான் திரும்பக் கூப்பிடுவாங்க. மகளுக்கும் சம்பந்திக்கும் தகவல் சொல்ல வேற போனை எடுங்க.