நான் மருமகன் கட்சி

கேள்வி: புதிதாக ஸ்மார்ட் டிவி வாங்கியிருக்கிறோம். நாம் என்ன பார்க்கிறோம் என்பதை அது கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் என்று என் மருமகன் பயமுறுத்துகிறார். பேர்பெற்ற கம்பெனிதானே, நம்பலாம் இல்லையா? நம்ம வீட்டில் ஒளிக்க என்ன இருக்கிறது?
— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை, வடசென்னை

பதில்: மருமகன் வாயை அடைக்க ஒரு பத்திரிகை ஆசிரியர் வரைக்கும் வந்துவிட்டீர்கள். மன்னிக்கவும், நான் மருமகன் கட்சி.

டிவி மாட்ட வந்த தம்பியை நினைத்துப் பாருங்கள். சுவரில் ஓட்டை போட்டு, உதிர்ந்த தூசியை உங்களுக்கே விட்டுவிட்டு, ரிமோட்டை எடுத்து ஓகே, ஓகே, ஓகே என்று அமுக்கித் தள்ளியிருப்பார். "யக்கா, கம்பெனிலேர்ந்து போன் வரும், பத்துக்குப் பத்து போட்ருங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் பறந்திருப்பார். அந்த ஓகேக்களில் ஒன்றுதான் உங்கள் சம்மதம். நீங்கள் அப்போது அவருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தீர்கள். நம்பலாமா என்று இப்போது கேட்கிறீர்கள். தம்பி அன்றைக்கே நம்பிவிட்டார்.

அமெரிக்காவில் விசியோ என்று ஒரு டிவி கம்பெனி. திரையில் ஓடுவதிலிருந்து துளித்துளியாகப் புள்ளிகளை எடுத்து, தன்னிடம் இருக்கும் படக் கிடங்கோடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இன்ன நிகழ்ச்சி ஓடுகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. கேபிள் பெட்டி வழியாக வந்தாலும் சரி, டிவிடி போட்டாலும் சரி, தப்பாது. அதோடு அந்த வீட்டாரின் வயது, வருமானம், படிப்பு, சொந்த வீடா வாடகையா என்பதையும் ஒட்ட வழி செய்து விளம்பரக்காரர்களுக்கு விற்றது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. வழக்கில் சொல்லப்பட்ட டிவிக்கள் 1.1 கோடி. டிவி ஒன்றுக்கு இருபது சென்ட்! 2024இல் அதே கம்பெனியை வால்மார்ட் 230 கோடி டாலருக்கு வாங்கியது. பருப்பும் சோப்பும் விற்கிறவனுக்கு டிவி கம்பெனி எதற்கு? விளம்பரத்துக்குத்தான், அவர்களே அதை மறைக்கவில்லை.

"ஒளிக்க என்ன இருக்கிறது" என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கொருக்குப்பேட்டையில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? இன்டர்வியூவுக்குப் போகும் நம்ம ஏரியாப் பிள்ளைகள் வீடு எங்கே என்றால் என்ன சொல்கிறார்கள்? "பெரம்பூர் பக்கம் சார்." பெரம்பூர்க்காரன் "அயனாவரம் தாண்டி" என்பான். கடன் கேட்டுப் போன இடத்தில் பின்கோடு 39, அதாவது வியாசர்பாடி, என்றதும் பேனாவை மூடி வைத்த அதிகாரியை நான் பார்த்திருக்கிறேன். 'நெகட்டிவ் ஏரியா' என்று அதற்கு அவர்களிடம் பேரே உண்டு. நாம் ஒளிப்பதே முகவரியைத்தான். இன்டர்நெட் இணைப்பை வைத்தே எந்த ஊர், ஏறக்குறைய எந்தப் பக்கம் என்பதை டிவி கம்பெனியால் கண்டுபிடிக்க முடியும். அதன் மேல் மாமியார் சீரியலும், பேரன் பார்க்கும் மல்யுத்தமும், நடுராத்திரி பக்திப் பாட்டும் சேர்ந்தால், உங்களைப் பற்றி யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு முடிவுக்கு வருவார். என்ன முடிவு என்று உங்களிடம் சொல்ல மாட்டார்.

ஊரை வைத்து ஆளை முடிவுகட்டும் இந்த வேலையை டிவி கம்பெனிகளுக்கு முன்பே செய்தவர்கள் நம் சினிமாக்காரர்கள். அவர்களோடு எனக்கு இருக்கும் பழைய வழக்கு இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். லுங்கி, கத்தி, பின்னால் காசிமேட்டுப் படகு: முடிந்தது வடசென்னை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா எந்தப் பேட்டைப் பெண்? நம்ம புதுவண்ணாரப்பேட்டைதான். கேரம் போர்டில் ரத்தம் தெறிக்காது, அதனால் கேமரா அந்தப் பக்கம் திரும்பாது. சரி, டிவிக்கு வருகிறேன்.

சட்டம் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகச் சொன்னார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில். முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து பதினெட்டு மாதம். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உங்கள் டிவியில் கொடுக்க ஒரு ஓகே. திரும்பப் பெற செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி, அதற்குள் இன்னொரு பட்டியல், அதில் கம்பெனிக்கு ஒரு பெயரில் ஒளிந்திருக்கும் அந்த வரி.

அதைத் தேடி அணைக்கும் வேலையை மருமகனிடமே கொடுங்கள். விளம்பரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அணைக்கட்டும். கேபிள் மட்டும் பார்க்கிற வீடு என்றால் வைஃபையே கொடுக்காதீர்கள். அனுப்ப வழியில்லாவிட்டால் பார்த்து என்ன செய்யும்? அவர் வேலை முடிக்கும்வரை ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடில் துணி எடுத்துத் தருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், நடக்க முடியாது.