கிணற்றில் சாயம் இல்லை, உப்பு இருக்கிறது: வழக்கு நிற்குமா?

கேள்வி: திருப்பூர் மாவட்டத்தில் எனக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது, ஓலை நுனி கருகுகிறது. பக்கத்துச் சாயப்பட்டறை முதலாளியோ, "தண்ணியில கலரே இல்லையே" என்கிறார். நஷ்டஈடு வாங்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் உங்கள் வழக்கு நிறத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது. சாயம் நூலில் ஏறுவதற்காகக் கொட்டும் உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் அடியில் படியும், உப்பு அப்படியே நிற்கும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டியும், நீரை ஆவியாக்கி உப்பைத் தனியே எடுக்கும் இயந்திரமும் வேண்டும், அதற்குச் செலவு அதிகம். கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாததால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 24-வது பிரிவு ஓடையிலோ கிணற்றிலோ கழிவு கலப்பதைத் தடுக்கிறது. அச்சட்டப்படி நிலத்தடி நீரும், வறண்டு கிடக்கும் பள்ளமும்கூட 'ஓடை'தான். "பள்ளத்தில் தண்ணீரே ஓடவில்லை" என்ற வாதம் எடுபடாது.

அப்புறம், சாட்சியம். பட்டறைக் குழாயில் நீங்களே பாட்டிலில் பிடித்த கழிவுநீர் நீதிமன்றத்தில் செல்லாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். ஆகவே வாரியத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சுவர் ஏறிக் குதித்து மாதிரி எடுக்கும் வேலை வேண்டாம். உங்கள் கிணற்று நீரை மட்டும் தாராளமாக ஆய்வகத்தில் கொடுக்கலாம். டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு), குளோரைடு, சல்பேட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறைக்கு மேட்டுப் பக்கம் இருக்கும் கிணற்று நீரையும் அதே நாளில் கொடுங்கள். "இந்த மண்ணே உப்பு மண்" என்றுதான் அவர்கள் சொல்வார்கள், அதற்குப் பதில் அந்த ஒப்பீடுதான்.

முன்சீப் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். இழப்பீட்டை தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில், அத்தீர்ப்பாயச் சட்டத்தின் 15-வது பிரிவின் கீழ் கேளுங்கள், கெடு ஐந்து ஆண்டு. சுற்றுச்சூழல் தகராறுகளுக்கான 14-வது பிரிவுக்கு ஆறு மாதம்தான், உங்களுக்கு அது தாண்டிவிட்டது என்று வாதாடுவார்கள். 15-லேயே பாழான நீரைச் சீர்செய்யும் உத்தரவும் கேட்கலாம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை 1996-இல் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுவிட்டது.

பட்டறை இயங்க வாரியம் தந்த இசைவாணை, ஆய்வறிக்கை நகல்களை ஆர்டிஐயில் இப்போதே கேட்டு வையுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்களின் கிணறும் கெட்டிருந்தால் சேர்ந்தே மனுப் போடுங்கள்.