ஸ்பைடர்: தாத்தாவும் பேரனும்

கேள்வி: நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பழைய ஃபியட் 124 ஸ்பைடர், கூரையைத் திறந்து ஓட்டும் கார், இருந்தது. அதைக் கழுவும்போதெல்லாம் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே நிற்பேன். அதே பெயரில் பல வருடம் கழித்து வந்த புதிய ஸ்பைடர் ஒன்று இப்போது ஒருவரிடம் விற்பனைக்கு இருக்கிறது. "அது ஃபியட்டே இல்லை, மாஸ்டாவுக்கு வேறு சட்டை மாட்டியிருக்கிறார்கள்" என்கிறான் நண்பன். பழைய வண்டியின் பெயரை இது காப்பாற்றுமா? வாங்கலாமா?

பதில்: நண்பர் சொன்ன விவரம் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2012-ல் மாஸ்டாவும் ஃபியட் குழுமமும் கைகோத்தபோது வர வேண்டியது ஓர் ஆல்ஃபா ரோமியோ, அதே குழுமத்தின் இன்னொரு பிராண்ட். ஆல்ஃபா வண்டிகள் இத்தாலியில்தான் தயாராக வேண்டும் என்று ஃபியட் குழுமத்தின் அப்போதைய தலைவர் செர்ஜியோ மார்க்கியோன்னே பிடிவாதமாக இருந்ததால், அந்த வாய்ப்பு ஃபியட்டுக்கு வந்தது. 2015 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் அறிமுகமான புதிய 124 ஸ்பைடர், ஜப்பானின் ஹிரோஷிமாவில், மாஸ்டாவின் சிறிய திறந்த காரான எம்எக்ஸ்-5 தயாராகும் அதே ஆலையில்தான் செய்யப்பட்டது. அடிக்கட்டு, சஸ்பென்ஷன், துணிக்கூரை, டேஷ்போர்டு எல்லாம் மாஸ்டாவினுடையவை. வெளித்தகடுகள், விளக்குகள், 1.4 லிட்டர் டர்போ எஞ்சின் ஆகியவை ஃபியட்டினுடையவை.

சரி, இரவல் எலும்பு என்பது குற்றம் என்றால் தாத்தாவையும் அதே கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். 1966-ல் டூரின் கண்காட்சியில் வந்த அந்த ஸ்பைடர் எங்கிருந்து பிறந்தது? 124 என்ற நான்கு கதவுக் குடும்பக் காரிலிருந்து. அதன் அடிக்கட்டின் நீளத்தைக் குறைத்து, மேலே பினின்ஃபரீனா என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தில் டாம் ட்யார்டா வரைந்த உடலைப் பொருத்தினார்கள். பெயரில் உள்ள எண்ணே அந்தக் குடும்பக் காருடையதுதான். அந்த வண்டியை உயர்த்தியது, அந்த எலும்பின் மேல் அவர்கள் எவ்வளவு அக்கறையோடு வேலை செய்தார்கள் என்பது. ஃபெராரியில் பெயர் வாங்கிய அவுரேலியோ லாம்ப்ரெடி வடிவமைத்த இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின், ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அதே காலத்துப் பிரிட்டிஷ் திறந்த காரான எம்ஜிபியில் நான்கு கியர்தான், பின்னால் டிரம் பிரேக்தான். சாதாரண வருமானக்காரர் எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரு திறந்த காருக்கு இது பெரிய கொடை.

அதனால் பெயரைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க, தாத்தா என்ன வாக்குக் கொடுத்தாரோ அதை எடுத்துக்கொண்டுதான் பேரனை அளக்க வேண்டும். (பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு, பெயரைச் சுமப்பவன். சுமையை எப்படித் தூக்குகிறான் என்றுதான் நாம் பார்க்கிறோம்.)

முதலில் எடை. பழையது சுமார் 950 கிலோ, புதியது சுமார் 1,050 கிலோ. ஐம்பது வருட இடைவெளியில், காற்றுப்பை, ஏபிஎஸ், மோதலைத் தாங்கும் உடல் என்று இத்தனையும் சேர்ந்த பிறகும் கூடியது ஏறக்குறைய நூறு கிலோதான். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ரோட்ஸ்டர் எனப்படும் இந்த வகைத் திறந்த காரின் உயிர் எடைக்குறைவில் இருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு தயங்காமல் திரும்புவதும் வளைவில் வண்டி உங்களோடு பேசுவதும் அதனால்தான். இந்த அடிக்கட்டு மாஸ்டாவினுடையதாக இல்லாமல் இருந்திருந்தால் ஃபியட் தனியாக இவ்வளவு இலேசான ஒன்றைச் செய்திருக்குமா என்பதே சந்தேகம்.

அடுத்தது கூரை. இது சின்ன விஷயமாகத் தோன்றும், வைத்திருப்பவரைக் கேட்டால் தெரியும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களில் மழை வந்தால் கூடாரம் அடிப்பதுபோல் இறங்கி நின்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பழைய ஸ்பைடரில் சீட்டில் உட்கார்ந்தபடியே கூரையை இழுத்து மூடலாம். புதியதிலும் அப்படியே, மோட்டார் எதுவும் இல்லாமல் ஒரு கையால் முடிகிற வேலை. பானட்டில் உள்ள இரண்டு மேடுகளும் பழைய வண்டியில் 1970 வாக்கில் பெரிய எஞ்சின் வந்தபோது சேர்ந்தவைதான், அதை மறக்காமல் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எஞ்சினில்தான் பேரன் தாத்தாவை எட்டவில்லை. லாம்ப்ரெடியின் எஞ்சின் சுற்றச் சுற்ற உற்சாகம் கூடுகிற வகை. 1438 சிசியில் ஏறக்குறைய 90 குதிரைத்திறன்தான் என்றாலும், எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மேலே ஏற ஏற அதன் குரல் மாறுவதைக் கேட்கத்தான் பலர் கியர் போட்டார்கள். புதிய டர்போவுக்கு 140 குதிரைத்திறன், 240 நியூட்டன் மீட்டர் இழுவை. நிமிடத்துக்கு 2,250 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். ஊருக்குள் ஓட்டச் சுகம், முந்திச் செல்லவும் சுகம். ஆனால் மேலே போகப் போக மூச்சு வாங்குகிறது, குரலும் தட்டையாக இருக்கிறது. அபார்த் என்ற விளையாட்டுப் பதிப்பில் சைலன்சர் சத்தம் நன்றாகவே இருக்கும். எஞ்சினின் குணம் அதிலும் இதேதான். பழைய வண்டியில் பின்னால் இருந்த குட்டி சீட்டும் போய்விட்டது, இப்போது இரண்டே பேர்.

பக்கத்து வீட்டு வண்டியில் உங்களுக்கு நினைவில் நிற்பது எது? வடிவமும் காற்றும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். அந்த எஞ்சின் சத்தம்தான் என்றால் வாங்க வேண்டாம், மூன்றாம் மாதமே மனது கசந்துவிடும். முன்பணம் கொடுக்கும் முன் கூரையைத் திறந்து, மூன்றாம் கியரில், வளைவுள்ள சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஷோரூம் வாசலைச் சுற்றி வருவதை வைத்து இந்த வகை வண்டியைத் தீர்மானிக்கவே கூடாது.

வாங்குவது என்று முடிவானால்: எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வுகளை எஞ்சின் ஆயிலின் அழுத்தம் வழியாக இயக்கும் மல்டிஏர் முறை இருக்கிறது. ஆயில் சரியான வகையாக இருந்து, காலத்தில் மாற்றப்பட்டிருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அதனால் சர்வீஸ் ரசீதுகள் இல்லாத வண்டியை விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். சீட்டுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருந்தால் கார்பெட்டுக்கு அடியில் ஈரம் நிற்கும், கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இந்த வண்டியின் உற்பத்தி ஐரோப்பாவுக்கு 2019-லும் அமெரிக்காவுக்கு 2020-லும் நின்றுவிட்டது. மாஸ்டா வழிப் பாகங்களுக்குக் கவலை குறைவு, ஏனென்றால் எம்எக்ஸ்-5 அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. மட்கார்டு, பானட், விளக்கு போன்ற ஃபியட் பாகங்கள் உடைந்த வண்டி என்றால், அவை கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

கேள்வி: புதியதற்குக் கொடுக்கும் காசில் பழைய 124 ஸ்பைடரையே வாங்கிவிட்டால் என்ன?

பதில்: வாங்கலாம், உங்களுக்கு இன்னொரு வண்டி இருந்தால். 1985 வரை ஏறக்குறைய இரண்டு லட்சம் ஸ்பைடர்கள் செய்யப்பட்டன, அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அதனால் அரிய வண்டி இல்லை, பாகங்களும் பழகிய கைகளும் கிடைக்கும்.

இதற்கு எமன் துருதான். பானட்டைத் திறந்து, முன் சஸ்பென்ஷன் வந்து சேரும் கோபுரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். புது பெயின்ட் அங்கே மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பிறகு கதவுக்குக் கீழே ஓடும் கட்டை, தரைத்தகடு, டிக்கியின் அடிப்பகுதி. எஞ்சின் பழுதை நல்ல மெக்கானிக் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடுவார். அரித்துப்போன உடலைச் சரிசெய்யப் போனால் வண்டியின் விலையையே இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்பவருக்கே தெரியவில்லை என்றால், வாங்கியதும் முதல் வேலையாக அதை மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கேள்வி: எம்ஜி சைபர்ஸ்டரை எம்ஜிபியின் வாரிசு என்று சொல்லலாமா?

பதில்: பதவிக்கு வாரிசு, குணத்துக்கு இல்லை. 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி ஏறக்குறைய ஒரு டன்தான். வீட்டு வாசலில் ஸ்பேனர் வைத்துக் கழற்றி மாட்டக்கூடிய எளிமை அதற்கு இருந்தது. சைபர்ஸ்டர் மின்சார வண்டி, மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், இரண்டு மோட்டார் வைத்த பதிப்பு இரண்டு டன்னை நெருங்குகிறது. மிரட்டும் வேகம். நீண்ட பயணத்துக்கு ஒரு அழகான திறந்த கார் வேண்டும் என்பவர் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். எம்ஜிபியில் கிடைத்த கைப்பிடி நெருக்கத்தைத் தேடுகிறவர், அந்தக் காசில் நல்ல நிலையில் உள்ள ஒரு எம்எக்ஸ்-5 ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.