ரஷ்யப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த பரிசும் 31ஆம் தேதி விருந்தும்

டிசம்பர் 25ஆம் தேதி நீங்கள் கொடுத்த பரிசை ரஷ்யப் பக்கத்து வீட்டார் பிரிக்காமல், வீட்டில் அலங்கரித்த மரத்தடியில் வைத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். வேண்டாம். அமெரிக்காவில் அன்று கிறிஸ்துமஸ். ரஷ்யாவில் சாதாரண வேலைநாள். அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதையும் மிஞ்சியது புத்தாண்டு இரவு. சோவியத் ஆட்சி ஒதுக்கிவைத்த கிறிஸ்துமஸ் மரம் 1935 கடைசியில் புத்தாண்டு மரமாகத்தான் திரும்பி வந்தது. பரிசு தருபவரும் சாண்டா இல்லை, பேத்தி ஸ்னெகூரச்காவோடு வரும் தெத் மரோஸ் தாத்தா. பெரும்பாலும் 31 நள்ளிரவில் பிரிப்பார்கள்.

31ஆம் தேதி விருந்துக்குப் போகும்போது, நீங்கள் சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்களுடைய புத்தாண்டு விருந்தில் வழக்கமாக இருக்கும் ஒலிவியே சாலட் பார்க்க உருளைக்கிழங்கும் பட்டாணியும்தான். உள்ளே முட்டை, இறைச்சித் துண்டு இருக்கும். இன்னொரு சாலட்டில் பீட்ரூட் அடுக்குக்குக் கீழே ஹெர்ரிங் மீன் ஒளிந்திருக்கும்! அப்புறம், பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படை அவர்களுக்குத் துக்க வீட்டுக் கணக்கு.