மென்மண்ணில் சுரங்கம் போனால் தரை ஏன் இறங்குகிறது? கேளுங்கள், சொல்கிறேன்

எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்?

கையாலேயே கணக்குப் போடலாம். சுரங்கத்துக்குக் குறுக்கே தரை தலைகீழ் மணி வடிவில் இறங்கும் என்று மண் பொறியாளர் ரால்ஃப் பெக் 1969-ல் எழுதியது இன்றும் ஓடுகிறது. 6 மீட்டர் விட்டம், மையம் 15 மீட்டர் ஆழம், களிமண் என்று வைத்துக்கொள்வோம். வளைவின் அகல அளவு (நடுவிலிருந்து வளைவு திரும்பும் இடம் வரை உள்ள தூரம்) ஆழத்தில் பாதி, அதாவது 7.5 மீட்டர். மண் இழப்பு, அதாவது சுரங்கத்தின் கன அளவுக்கு மேல் கூடுதலாக உள்ளே வந்துவிடும் மண், 1 சதவீதம் என்றால் நடுவில் சுமார் 15 மில்லிமீட்டர். அதே இழப்பு மணலில் என்றால் பள்ளம் குறுகிவிடும், நடுவில் 25 வரை போகும். சுவருக்கு அதுதான் ஆபத்து, ஏனென்றால் விரிசல் விடுவது எவ்வளவு இறங்கியது என்பதால் அல்ல, பக்கத்துக்குப் பக்கம் எவ்வளவு வித்தியாசமாக இறங்கியது என்பதால்.

சுரங்கம் தோண்டும் மெஷின் தாண்டிப் போன பிறகும் ஏன் இறங்குகிறது?

செக்மென்ட் ரிங்கை (கான்கிரீட் துண்டுகளால் ஆன வளையம், அதுதான் சுரங்கச் சுவர்) ஷீல்டுக்கு, அதாவது மெஷினின் இரும்பு உறைக்கு, உள்ளேதான் கட்டுகிறோம். ஷீல்டு நகர்ந்ததும் ரிங்கைச் சுற்றி 10 முதல் 15 சென்டிமீட்டர் அளவு வெற்றிடம் மிஞ்சும். அதை நிரப்பும் கலவையான கிரவுட் உடனே, முழுசாகப் போகாவிட்டால் மண் அதில் உட்கார்ந்துவிடும். மெத்துக் களிமண்ணில் இன்னொன்றும் உண்டு: கலைந்த களிமண்ணில் ஏறிய நீரழுத்தம் மெல்ல வடியும், மாதக்கணக்கில் இறங்கும்.

என் வீட்டுச் சுவரில் விரிசல், சுரங்கத்தாலா?

போட்டோ பார்த்துச் சொல்ல முடியாது. வேலை தொடங்கும் முன் எடுத்த சர்வே நகலைக் கேளுங்கள், கட்டட எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் தளத்தில் சராசரி இழப்பு 0.6 சதவீதம்தான். பிறகு எப்படிப் பள்ளம் விழுந்தது?

சராசரியை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! 1.5 மீட்டர் ரிங் ஒன்றுக்கு வெட்டும் மண் சுமார் 42 கன மீட்டர். ஒரே ஒரு ரிங்கில் ஐந்து கன மீட்டர் கூடுதலாக வந்தால் நூறு ரிங் சராசரியில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் மேலே ஒரு பொந்து இருக்கிறது. கூரைபோல் மண் தாங்கி நிற்கும், ஒருநாள் மழைக்குப் பிறகு தெரு உள்ளே போகும். ரிங்குக்கு ரிங் மண் எடையைப் பாருங்கள்.

மண்ணை வெளியே கொண்டுவரும் பெல்ட்டில் உள்ள தராசே தப்பாகக் காட்டுமே? அதை நம்பி மெஷினை நிறுத்த முடியுமா?

கேட்டவர் சண்டைக்கு வந்துவிட்டார், நியாயமான சண்டைதான். தராசு தப்பும். அதனால்தான் இரண்டு தராசு வைத்து, முந்தைய பத்து ரிங்குடன் ஒப்பிட வேண்டும். கன அளவை மட்டும் நம்பினால் இன்னும் மோசம், வெட்டிய மண் உப்பிவிடும். நான் பார்த்த ஒரு ஷிஃப்டில் எடை ஏறியது, பெல்ட்டில் கட்டியாக வந்த மண் கூழாக மாறியது, மண் சரியாமல் இருக்க மெஷின் முன்னால் கொடுக்கும் முகப்பு அழுத்தம் ஆடியது. மூன்றும் சேர்ந்தால் நிறுத்தத்தான் வேண்டும். ஷிஃப்டுக்கு எத்தனை ரிங் என்று கேட்பவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

முகப்பு அழுத்தத்தை ஏற்றி வைத்தால் போதாதா?

அளவு மீறினால் தரை மேலே உப்பும், மண்ணை இளக்க மெஷின் செலுத்தும் நுரை தெருவில் வரும்.

ஷீல்டு இல்லாமல் ஷாட்கிரீட் (கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிக்கும்) முறையில் தோண்டினால்?

என் துறை இல்லை, அதில் இருப்பவரைக் கேளுங்கள்.

வீட்டு விரிசல் போட்டோ அனுப்பட்டுமா?

வேண்டாம். மேலே சொன்னதுதான்.