பழைய ஆர்கேட் கேம் போர்டில் இருக்கும் பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாமா?

கேள்வி இதுதான்: ஒருவர், ஆம்பூரில் தன் மாமா கடையில் சும்மா கிடந்த, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் (ஆர்கேட்) பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இன்னும் ஓடுகிறது. உள்ளே போர்டில் ஒரு பேட்டரி இருக்கிறது, பழசாயிற்றே, மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

மாற்றத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கே கழற்றிவிடாதீர்கள். அந்த பேட்டரி எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். சில போர்டுகளில் பேட்டரி போனால் ஹைஸ்கோர் மட்டும் அழியும். சிலவற்றில் கேமே போய்விடும்.

வேலூரில் டிவி, யூபிஎஸ் போர்டு பழுது பார்ப்பது என் தொழில். காட்பாடி, குடியாத்தம் பக்கத்திலிருந்து கேம் போர்டும் எப்போதாவது வரும். வந்தவற்றில் பெரும்பாலானவை நகல் போர்டுகள். நம் ஊர்ப் பையன்கள் ‘முஸ்தபா கேம்’ என்று சொல்வார்களே, அது கேப்காம் கம்பெனி 1993-ல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. அதன் அசல் போர்டில் சவுண்ட் புரோகிராமைப் பூட்டி, பூட்டின் சாவியை, அதாவது ஒரு ரகசிய எண்ணை, பேட்டரியை நம்பி வைத்திருந்தார்கள். நகல் எடுத்தவர்கள் பூட்டையே தூக்கிப் போட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். அதனால் நகலுக்கு அந்த பேட்டரி தேவையில்லை. காசு கொடுத்து அசல் வாங்கியவருக்குக் கெடு, திருட்டு நகலுக்கு நீண்ட ஆயுள். என்ன நியாயமோ!

உங்கள் போர்டில் பேட்டரி இருப்பதால் அது அசலாக இருக்க வாய்ப்பு உண்டு. அதிலும் கவனமாகத் தொட வேண்டியது கேப்காமின் சிபிஎஸ்-2 என்ற போர்டு வகை. இதுவும் 1993-ல் வந்ததுதான். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போர்டு இருக்கும். கேம் இருக்கிற ‘பி’ போர்டில்தான் பேட்டரி. புரோகிராம் மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டது. அதைப் பிரிக்கும் சாவி ஒரு சின்ன நினைவகத்தில், பேட்டரி மின்சாரத்தில் உயிரோடு இருக்கிறது. மின்சாரம் அறுந்தால் சாவி அழியும், அப்புறம் திரையில் வெறும் நிறம்தான். இணையத்தில் ‘சூசைட் பேட்டரி’ என்று தேடினால் நிறையக் கிடைக்கும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து 3.6 வோல்ட் காட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இந்த லித்தியம் செல் கடைசிவரை ஏறக்குறைய அதே வோல்டேஜைக் காட்டிக்கொண்டே இருந்து, தீரும்போது சட்டென்று விழும். மீட்டரைவிட செல்லின் மேல் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். நம் ஊர் மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே வருஷக்கணக்கில் கிடந்த செல் என்றால் இன்னும் சீக்கிரமே மாற்றுங்கள். சூடு ஏற ஏற செல் தானாகவே தீரும்.

மாற்ற வேண்டிய செல் 3.6 வோல்ட் லித்தியம், பாதி ஏஏ அளவு, ஈஆர்14250 என்று கேட்டால் தருவார்கள். சால்டர் செய்யக் கம்பிக் கால் வைத்ததாக வாங்குங்கள்; வெறும் செல்லின் மேல் நேரடியாகச் சூடு வைத்தால் வெடிக்கக்கூடும். ரீசார்ஜ் செல் வேண்டாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேதி பார்த்து வாங்குவதுதான் எனக்குத் திருப்தி.

நான் செய்வது இப்படி. போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, இன்னொரு 3.6 வோல்ட் செல்லை ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக, பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று பழைய செல்லின் புள்ளிகளில் தற்காலிகமாக ஒட்டிவிடுவேன். சாவி குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் அந்த ரெசிஸ்டர் தொந்தரவு செய்யாது. அப்புறம் பழையதைக் கழற்றி, புதியதை சால்டர் செய்து, கடைசியில் தற்காலிகத்தை எடுப்பேன். சால்டரிங் அயர்னுக்கு எர்த் சரியாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் அயர்னைச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வையுங்கள். செல்லுக்கு ஹோல்டர் வைத்தால் அடுத்த முறை எளிது என்பார்கள். சிபிஎஸ்-2-க்கு எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்பிரிங் ஒருமுறை தளர்ந்தால் போதும், கதை முடிந்தது.

ஒருவேளை சாவி போய்விட்டாலும் இன்று வழி இருக்கிறது. 2016-ல், ஆர்கேட் போர்டுகளை ஆராய்ந்த எடுவார்டோ க்ரூஸும் அவருடன் இருந்தவர்களும் சாவியைத் திரும்ப ஏற்றும் முறையை வெளியிட்டார்கள். ஆர்டுயினோ என்ற, நாமே புரோகிராம் ஏற்றக்கூடிய சின்ன போர்டு ஒன்று போதும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சாவியை ஊட்டுகிற சின்ன போர்டுகளும் வந்துவிட்டன. அவற்றைப் பொருத்தினால் பேட்டரியே வேண்டாம்.

நியோ ஜியோ எம்விஎஸ் என்ற இன்னொரு வகை போர்டு என்றால் பயம் வேறு மாதிரி. அதில் இருப்பது ரீசார்ஜ் ஆகும் நிக்கல் காட்மியம் பேட்டரி. போனால் ஸ்கோரும் செட்டிங்கும்தான் போகும், கேம் ஓடும். ஆனால் அது கசியும். கசிந்தது காரம், செம்புத் தடங்களை அரித்துப் பச்சைக் களிம்பாக்கிவிடும். ஓடுகிறதே என்று விடாமல் உடனே வெட்டி எடுத்துவிடுங்கள். களிம்பு இருந்தால் வினிகர் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். அதன் இடத்தில் லித்தியம் பட்டன் செல் வைக்க ஆசைப்பட்டால், மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற ஒரு டயோடு கட்டாயம். அந்த போர்டு செல்லை சார்ஜ் செய்யப் பார்க்கும், லித்தியத்தை சார்ஜ் செய்தால் வெடிக்கலாம். வில்லியம்ஸ் கம்பெனியின் 1980-களின் ‘டிஃபெண்டர்’ போன்றவற்றில் சாதாரண ஏஏ செல் மூன்று இருக்கும், அதுவும் கசிகிற சாதிதான். வயர் இழுத்து செல் ஹோல்டரை போர்டுக்கு வெளியே, கீழே வைத்துவிட்டால் தலைவலி இல்லை.

போர்டின் மேல் அச்சிட்ட எண்ணும் பேட்டரியும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ போடுங்கள். எந்த ரகம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மெயின் சுவிட்சைக்கூடத் தொட வேண்டாம்.