எந்த ஃபேருக்கு எதிர்ச்சொல்?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ஆங்கிலத் தேர்வில் ‘ஃபேர்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தார்கள். ‘அன்ஃபேர்’ என்று எழுதினாள். ‘டார்க்’தான் விடை என்று அடித்துவிட்டு மதிப்பெண் போடவில்லை. எது சரி? – ஒரு வாசகி, தென்காசி.

பதில்: இரண்டும் சரி, அம்மா. கேள்விதான் தப்பு.

உங்கள் அடுப்படிக்குள் போய் ‘பச்சை’க்கு எதிர்ச்சொல் தேடிப் பாருங்கள். பச்சைத் தண்ணீருக்கு வெந்நீர், பச்சரிசிக்குப் புழுங்கலரிசி, பச்சை மிளகாய்க்குக் காய்ந்த மிளகாய். வெளியே வந்தால் பச்சைப் புண்ணுக்கு ஆறிய புண், பச்சை மண்ணுக்குச் சுட்ட மண். பச்சைப் பொய்க்கு என்ன சொல்வீர்கள்? வெறும் ‘பச்சை’ என்று கரும்பலகையில் எழுதிக் கேட்டால் பாதிப் பிள்ளைகள் ‘சிவப்பு’ என்பார்கள். சிக்னல் விளக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

‘ஃபேர்’ கதையும் இதுதான். தீர்ப்போ கூலியோ ஃபேர் என்றால் அதற்கு எதிர் அன்ஃபேர். ரேஷன் கடையின் ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’ நியாயவிலைக் கடை ஆனது இந்தப் பொருளில்தான். வானிலைக்கு ஃபவுல், விளையாட்டுக்கும் பெரும்பாலும் ஃபவுல். கிரிக்கெட்டில் பந்துவீச்சு ஃபேர் இல்லையென்றால் நோபால். உங்கள் மகளின் பையில் ஃபேர் நோட்டுக்குப் பக்கத்தில் ரஃப் நோட்டு இருக்கும், பாருங்கள். தோலையோ தலைமுடியையோ பற்றிப் பேசும்போது மட்டுமே டார்க். புக் ஃபேரில் வரும் ஃபேர் லத்தீனில் திருநாளைக் குறித்த சொல்லிலிருந்து வந்த வேறு சொல். அதற்கு எதிர்ச்சொல் தேடி அலைய வேண்டாம்.

இத்தனை இருக்க, விடைக்குறிப்பு எழுதியவருக்கு முதலில் தோன்றியது தோல் நிறம். அதுதான் எனக்கு உறுத்துகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ‘அழகான’ என்றே பொருள். வெளுப்புதான் அழகு என்று அந்த நாட்டார் நினைத்ததால் நிறம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நாம் மட்டும் குறைந்தவர்களா? ‘பெண் நல்ல நிறம்’ என்றால் சிவப்பு என்று அர்த்தம்; கறுப்பு ஒரு நிறமே இல்லை போலிருக்கிறது! 1975 முதல் விற்றுவந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ முகப்பூச்சே 2020இல் ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. டியூபில் மாறியது விடைக்குறிப்பு வரை வந்து சேரவில்லை.

ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் யாரோ அச்சிட்டுக் கொடுத்த குறிப்பைப் பார்த்துத்தான் திருத்தியிருப்பார். மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதிகளில் பொருள்களுக்கு எண் போட்டிருப்பார்கள்; சிலவற்றில் அந்தந்தப் பொருளுக்குத் தனியாக எதிர்ச்சொல்லும் கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த தேர்விலாவது சொல்லை ஒரு வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ‘அம்பயரின் முடிவு ஃபேராக இருந்தது’ என்று கொடுத்திருந்தால், ‘டார்க்’ என்று எழுத எந்தக் குழந்தைக்கும் கை வராது.